ஆள் பாதி, மூளை பாதி!
ரக்பியின் 10-ம் எண் ஆட்டக்காரர்

ரக்பி ஆட்டத்தில் மலை போன்ற ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவார்கள். முட்டை வடிவப் பந்து எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. எடை அதிகம் உள்ளவன்தான் இதில் ஜெயிப்பான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

அந்தக் கும்பலுக்குப் பின்னால், சில கெஜ தூரம் தள்ளி ஒருவர் நிற்பார். நடுத்தர உயரம். முதுகில் 10 என்ற எண். அவர்தான் "பிளை-ஹாப்". 15 பேர் கொண்ட அணியில் ஆட்டத்தை நடத்துபவர் அவரே. ஆக்கியில் அந்தக் காலத்து சென்டர்-ஹாப் எப்படியோ, அப்படி என்று வைத்துக் கொள்ளலாம்.

கண் மூடித் திறப்பதற்குள்

முன்வரிசை முரடர்கள் 8 பேர் முட்டி மோதிப் பந்தை மீட்பார்கள். 9-ம் எண்காரர் அதை எடுத்து பிளை-ஹாப்பிடம் வீசுவார். பந்து கைக்கு வரும்போதே எதிரிகளும் பாய்ந்து வருவார்கள். ஓடுவதா? பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதா? உதைப்பதா? யோசிக்க நேரம் கிடையாது. பந்து வருவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

ரக்பியில் பந்தைக் கையால் முன்பக்கம் வீசக்கூடாது. பக்கவாட்டிலோ, பின்பக்கமோதான் வீசலாம். முன்னே அனுப்ப வேண்டுமானால் உதைக்க வேண்டும். ஆகவே, இவருக்கு இரண்டு கைகளும் ஒன்றுபோல் பழகியிருக்க வேண்டும், கால்களும் அப்படியே.

மூளை செய்யும் வேலைக்கு பாரி ஜான் நல்ல உதாரணம். வேல்ஸ் நாட்டுக்காரர், ஒல்லியான ஆசாமி. 1971-ல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியுடன் நியூசிலாந்து சென்றார். டுனேடினில் முதல் டெஸ்ட். நியூசிலாந்தின் கடைசிக் காவலர் பெர்கி மெக்கார்மிக். அவருக்கு எட்டாத இடமாகப் பார்த்து இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று என்று பந்தை உதைத்துக் கொண்டே இருந்தார் ஜான். பாவம், மெக்கார்மிக் ஓடி ஓடிக் களைத்தார். லயன்ஸ் 9-3 என்று ஜெயித்தது. மெக்கார்மிக்குக்கு அதன் பிறகு நாட்டு அணியில் இடமே கிடைக்கவில்லை!

அந்தத் தொடரின் 4 டெஸ்டுகளில் லயன்ஸ் எடுத்த 48 புள்ளிகளில் 30 ஜான் எடுத்தவை. "ராஜா" என்று பட்டம் கிடைத்தது. புகழின் தொல்லை தாங்காமல் மறு ஆண்டே, 27-வது வயதில், ஆட்டத்தை விட்டார்.

ஒல்லி உடம்பு போதுமா?

இன்றைக்குப் போதாது. 10-ம் எண்காரர் சிறியவர் என்று தெரிந்தால், 110, 120 கிலோ ஆட்களை வேண்டுமென்றே அவர் மீது ஏவுவார்கள். கபடியில் காலைப் பிடிப்பதுபோல், குனிந்து, இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்த வேண்டும். கழுத்தும் தோளும் தொடையும் உரமாக இல்லாவிட்டால் ஆள் நொறுங்கிப் போவார்.

தென் ஆப்பிரிக்காவின் ஆந்த்ரே பொல்லார்டு 6 அடியைத் தாண்டிய ஆஜானுபாகு. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 22 புள்ளிகள் எடுத்தார். டெஸ்டுகளில் 1,598 புள்ளிகள் குவித்து உலக சாதனை படைத்த நியூசிலாந்தின் டான் கார்ட்டர் 5 அடி 10 அங்குலம்தான். இந்த இடத்துக்கு ஆள் எடுக்க அளவு நாடா உதவாது.

இங்கிலாந்தின் ஜானி வில்கின்சனும் அதே உயரம். இடது கால் ஆட்டக்காரர். கிறிஸ்துமஸ் அன்றுகூட உதைத்துப் பழகுவார் என்பார்கள். 2003 நவம்பர் 22-ந் தேதி சிட்னியில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவுடன் 17-17 என்று சமநிலை. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. இன்னும் 26 வினாடி! பந்து வில்கின்சனிடம் வந்தது. இடது காலுக்கு வசதி இல்லை. பந்தைத் தரையில் போட்டு, எழும்பும்போது வலது காலால் உதைத்தார். கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 3 புள்ளிகள். கோப்பை இங்கிலாந்துக்கு!

அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரிய ஆட்களைத் தடுக்கத் தோளைக் கொடுத்துக் கொடுத்து வந்தவர் அவர். உதைப்பதற்கென்று இருப்பவர் மோதலுக்குப் போகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஒதுங்கி நின்றால் அந்த வழியே எதிரி நுழைந்துவிடுவான். ஒதுங்க அவர் சம்மதிக்கவில்லை. கழுத்தில் அறுவை சிகிச்சை. பிறகு தோள், முழங்கால் என்று காயத்துக்கு மேல் காயம். சிட்னி ஆட்டத்துக்குப் பிறகு 3 ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்து அணியில் ஆட முடியவில்லை.

2007 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார். அந்த இரு நாடுகளும் மோதுவது "கல்கத்தா கோப்பை"க்காக. கல்கத்தாவில் ரக்பி ஆடிய வெள்ளைக்காரர்கள் சங்கத்தைக் கலைத்தபோது, பாங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878-ல் செய்த கோப்பை அது. நாகப்பாம்புதான் கைப்பிடி, மூடியில் யானை! அன்று வில்கின்சன் எடுத்தது 27 புள்ளிகள். 2014-ல் பிரான்சின் தூலோன் அணிக்காகக் கடைசியாக ஆடி ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 35.