பழைய மடிக்கணினியில் திரை ஜாலம்

மாணவர்களே! 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற மடிக்கணினி உங்கள் வீட்டில் உண்டா? அயோத்தியாப்பட்டணமானாலும் சென்னையானாலும் அதன் திரை ஜாலத்தின் கணக்கு ஒன்றே.

ஒவ்வொரு சாளரமும் நினைவகத்தில் தனித்தனித் தாளாக வரையப்படுகிறது. வரைகலைச் சில்லு அத்தாள்களை நிழலுடன் அடுக்கி ஒரே படமாக்குகிறது. 1366 × 768 திரையில் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 முறை எனில் 6.3 கோடி!

சில்லுக்கேற்ற டிரைவர் இல்லையேல் இச்சுமை முழுவதும் மையச் செயலியின்மேல் விழும்; கணினி திணறும். ஆகவே முதலில் டிரைவரைச் சரிபாருங்கள். அப்போதும் திணறினால், பின்னணியை மங்கலாக்கும் ஜாலத்தை நிறுத்துங்கள். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டைப் புள்ளிகள் பலவற்றையும் படிக்க வேண்டும். நிழலோ ஓரத்தில் மட்டுமே விழுவது, அது இருக்கட்டும். பழைய கணினியைத் தூக்கியெறியுமுன் இதைச் செய்து பார்க்கலாம் அல்லவா?