விடுமுறைத் தங்கல் வீடுகளும் மறைமுகக் கட்டணங்களும்

கோவா, மணாலி, குடகு, மூணாறு போன்ற இடங்களில் வீடுகளையும் வீட்டின் சில அறைகளையும் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வழக்கம் பெருகியுள்ளது. குடும்பத்துடன் செல்வோர் சமையலறை உள்ள வீட்டை விரும்புகின்றனர். வீட்டுக்காரருக்கும் உபரி வருமானம் கிடைக்கிறது. ஆனால் வீட்டை நேரில் காணாமல், இணையதளத்தில் உள்ள படத்தையும் விலையையும் மட்டுமே நம்பிப் பணம் செலுத்தப்படுகிறது. குறைகள் பிறப்பதும் இங்கேதான்.

ஒரு வீட்டின் நாள் வாடகை 3,000 ரூபாய் என்று அறிவிக்கப்படுவதாகக் கொள்வோம். இரண்டு நாளுக்கு 6,000 ரூபாய் என்று குடும்பத்தினர் கணக்கிடுகின்றனர். தேதி, பெயர், தொலைபேசி எண் யாவற்றையும் பதிவு செய்த பின்னரே துப்புரவுக் கட்டணம் 1,200, சேவைக் கட்டணம் 800 என ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. வீட்டை அடைந்ததும் ஜெனரேட்டருக்கென்று 500 கேட்கப்படுகிறது. ஆக மொத்தம் 8,500. அடுத்த தெருவில், எல்லாம் அடங்க நாளொன்றுக்கு 3,800 என்று ஒளிவின்றி அறிவித்த வீட்டில் 7,600 ரூபாயே ஆகியிருக்கும். எனினும் விலை வரிசையில் அவ்வீடு பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும்.

தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில் நல்ல சரக்கு விலகிவிடும் என்பதைப் பழைய கார் வாணிபத்தை எடுத்துக்காட்டி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். நேர்மையான வீட்டுக்காரரின் நிலையும் அதுவே. அவர் மற்றவர்களைப் போல விலையை ஒளிக்க வேண்டும். அன்றேல் தொழிலை விட்டு விலக வேண்டும். பயணியின் பணப்பைக்கு நேரும் இழப்பைவிட இதுவே பெரிய கேடு.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், கட்டாயக் கட்டணங்களும் வரியும் அடங்கிய மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டவேண்டும் என்கின்றன. விளம்பரம் உண்மைத் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும். அறிவித்த அம்சங்கள் இல்லாதபோது பணத்தைத் திருப்பித்தர மறுக்கலாகாது. கடற்கரையை நோக்கிய அறை என்று படம் காட்டிவிட்டு, கொல்லைப்புறச் சுவரை நோக்கிய அறையைத் தருவது இதற்கு முரண். 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுதல் அவற்றுள் ஒன்று.

இவ்விதிகளில் ஓர் இடைவெளியும் உண்டு. தொழிலாக அன்றி, எப்போதேனும் தன் வீட்டை வாடகைக்கு விடும் தனிநபர் இவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. ஆண்டு முழுவதும் வீடுகளை விடுவோர் இந்த விலக்கைக் கோர முடியாது.

நடைமுறையில் மிகுந்த பயனுடையது வேறொரு மாற்றம். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்கீழ், எதிர்த்தரப்பினர் உள்ள ஊரிலோ வழக்கிற்குரிய காரணம் எழுந்த ஊரிலோதான் முறையிட இயன்றது. கோவாவில் ஏமாற்றப்பட்ட போபால் குடும்பம் சில ஆயிரம் ரூபாய்க்காக மீண்டும் கோவா செல்லுமா? 2019-ஆம் ஆண்டுச் சட்டம், முறையிடுவோர் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்ய வழிவகுத்தது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பேரங்களுக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கால வரம்பு 2 ஆண்டுகள். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். எதற்கும் சான்று வேண்டும். அறிவிப்புப் பக்கம் பின்னர் மாற்றப்படக்கூடும். எனவே பணம் செலுத்தும் அன்றே படத்தையும் விலையையும் நகலெடுத்து வைத்தல் வேண்டும்.