காது கேட்கிறது... சத்தம்தான் வழி மாறிப் போகிறது!

"தாத்தாவுக்குக் காது சுத்தமா போயிடுச்சு. மெஷின் வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லே!"

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி அலுத்துக்கொள்கிறார்களா? ஒரு நிமிஷம் பொறுங்கள். தப்பு காதில்தானா, கையிலிருக்கும் செல்போனிலா என்று முதலில் பார்த்துவிடலாமே!

எதிரே உட்கார்ந்து பேசினால் அவருக்குப் புரிகிறது. டி.வி. செய்தியும் கேட்கிறது. ஆனால் வெளியூர் மகள் போன் செய்தால் மட்டும் "ஹலோ... ஹலோ..." என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார். அப்படியானால் சத்தம் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கலாம்.

எத்தனை வாசல்?

செல்போனிலிருந்து சத்தம் வெளியே வர ஒரு வாசல் அல்ல, பல வாசல்கள். காதோடு வைத்துக் கேட்கும் சின்ன ஸ்பீக்கர், எல்லோருக்கும் கேட்கும் பெரிய ஸ்பீக்கர், ஒயர் வைத்த இயர்போன், ப்ளூடூத்தில் இணைந்த கருவிகள் (காது மெஷினும் இதில் அடக்கம்). நம் குரல் உள்ளே போகவும் இதேபோல் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் உண்டு.

எந்த வாசலைத் திறப்பது என்பதை போனும், நீங்கள் பேசும் ஆப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. புதிதாக ஒரு கருவி இணைந்தால் பெரும்பாலும் சத்தம் அதற்குத் தாவிவிடும். பேரன் தாத்தாவின் போனில் ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்துப் பாட்டுக் கேட்டிருப்பான். அப்புறம் மகளின் குரல் ஹாலில் ஒலிக்கும். தாத்தாவோ மொட்டை மாடியில் இருப்பார்!

என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப்பில் பேசும்போது ஸ்பீக்கர் படம் போட்ட பட்டனைப் பாருங்கள். ப்ளூடூத் கருவி இணைந்திருந்தால், அதைத் தொட்டதும் போன், ஸ்பீக்கர், ப்ளூடூத் என்று பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டால் போதும்.

ஐபோனோடு நேரடியாக இணையும் காது மெஷினா? செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' போய், 'ஹியரிங் டிவைசஸ்' என்ற இடத்தில், அழைப்புகள் எப்போதும் மெஷினுக்கே வரும்படி ஒருமுறை வைத்துவிடலாம். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் அழைப்பு, பாட்டு, மணிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி குறிக்கலாம். போனுக்குப் போன் இடம் மாறும். மெஷின் பொருத்திய ஆடியாலஜிஸ்டிடமே கேட்டு, அங்கேயே செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

"எனக்கு நல்லா கேட்குது, என் பேச்சுதான் அவங்களுக்குக் கேட்கலையாம்!" என்கிறாரா? பல மெஷின்கள் சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவருமே தவிர, பேச்சைப் போனின் மைக்தான் வாங்கும். போன் அடுத்த அறையில் கிடந்தால் எப்படிக் கேட்கும்? போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.

பாட்டு இனிமையாகக் கேட்கும் இயர்போன், பேசும்போது மட்டும் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறதா? மைக்கும் வேலை செய்யும்போது அதே ப்ளூடூத் வழியில் குரல் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். அதனால் பழைய வகைக் கருவிகளில் ஒலியின் தரம் குறையும். காதில் கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம்.

இது வேறு!

ஆனால் ஒன்று. திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனாலோ, கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ வந்தாலோ, போனை நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போங்கள். சில நாள் தாமதம்கூட நஷ்டமாகலாம்.

காது மந்தமானவர் போனில் இரண்டு முறை அவமானப்பட்டால், மூன்றாம் முறை எடுக்கவே மாட்டார். அப்புறம் மெல்ல மெல்லத் தனிமைதான். "தாத்தாவுக்குக் கேட்காது" என்று முடிவு கட்டுமுன், அந்த ஸ்பீக்கர் பட்டனை ஒருமுறை நீங்களே தொட்டுப் பாருங்களேன்!