சராசரி மறைப்பதைப் படம் காட்டும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பார்க்ஸ் என்ற ஊருக்கு அருகே 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1998-லிருந்து அதன் பதிவுகளில் அவ்வப்போது விசித்திரமான துடிப்புகள் விழுந்துகொண்டிருந்தன. நெடுந்தொலைவிலிருந்து வரும் விண்வெளி வெடிப்புகளின் சாயல் அவற்றில் இருந்தது. ஆனால் தொலைநோக்கியின் எல்லாக் கற்றைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்ததால், பக்கத்தில் எங்கோ பிறப்பவை என்று சந்தேகித்தார்கள். ‘பெரிட்டான்’ என்று பெயரும் வைத்தார்கள். எங்கிருந்து வருகின்றன என்பது மட்டும் பல ஆண்டுகள் பிடிபடவில்லை.

2015-ல் வானியலாளர் எமிலி பெட்ராஃபின் குழு விடை கண்டது. துடிப்புகள் எந்தெந்த மணியில் விழுகின்றன என்று அடுக்கிப் பார்த்தால், மதிய உணவு வேளையில் குவிந்திருந்தன. புதிதாக வைத்த குறுக்கீட்டுக் கண்காணிப்புக் கருவியும் அதே கணங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைகளைப் பதிவு செய்திருந்தது. காரணம், வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. சூடாகி முடிவதற்குள் யாராவது கதவைத் திறந்தால், அணையும் அந்த நொடியில் அலை வெளியே கசிந்தது. அவ்வளவு பெரிய கருவி திணறிய கேள்விக்கு, நேரவாரியாகப் போட்ட ஒரு வரைபடம் வழிகாட்டியது.

நம் வீட்டு வைஃபையும் பல நேரங்களில் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. ‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்றதும் நாம் பார்ப்பது போன் மூலையில் உள்ள கோடுகளை. கோடுகள் நிறைந்திருந்தாலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். ஏனென்றால் அந்தக் கோடுகள் சொல்வது ரவுட்டரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே. அதே காற்றில் வேறு எத்தனை ரவுட்டர்கள் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதை அவை சொல்லாது. ஒரு சேனலில் ஒருவர் அனுப்பும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். இதுதான் வைஃபையின் அடிப்படை விதி.

இதைக் கண்ணால் பார்க்க ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்று போதும். சுற்றியுள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் அது ஒரு வளைவாக வரைந்து காட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு ரவுட்டர் எடுத்துக்கொள்வது சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும். யாராவது 3-லோ 8-லோ உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தையும் கெடுப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர், நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏன் மாறச் சொல்கிறார்கள் என்று அப்புறம் கேட்கமாட்டார்.

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை போன்ற பெரிய கட்டடங்களில் பொறியாளர்கள் தரைவரைபடத்தை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு அறை அறையாக நடப்பார்கள். அளந்த சிக்னல் வண்ணங்களாக அந்தப் படத்தின் மேல் படியும். இதை ஹீட் மேப் என்கிறார்கள். பயனுள்ளதுதான், ஆனால் நான் இதை முழுதாக நம்பமாட்டேன். நடந்த பாதையில் எடுத்ததுதான் உண்மையான அளவு. இடையிலுள்ள வண்ணம் மென்பொருள் ஊகித்து நிரப்பியது. அதோடு, ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம், திங்கட்கிழமை வகுப்பறையில் அறுபது போன்கள் ஒன்றாகத் திறக்கும்போது நடப்பதைக் காட்டாது. இடத்தை வரைந்தவர்கள் நேரத்தையும் வரைய வேண்டும்.

நேரத்தை வரைவதிலும் ஒரு கண்ணி உண்டு. பல கண்காணிப்பு மென்பொருள்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சராசரியைத்தான் புள்ளியாக வைக்கின்றன. இணைப்பு 30 விநாடி முழுதாக அடைபட்டு மீதி நேரம் சும்மா கிடந்தால், படத்தில் விழுவது வெறும் பத்து சதவீதம். அந்த 30 விநாடியில் வீடியோ அழைப்பு அறுந்து தவித்தவருக்கு ‘எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பதில் வரும். சராசரியோடு உச்சத்தையும் சேர்த்து வரையாத படம் பயனரைப் பொய்யராக்குகிறது. இது எனக்கு மிகுந்த கோபம் தரும் விஷயம்.

செல்போன் சேவையிலும் இதே கதைதான். அழைப்பு அறுந்துபோகும் விகிதம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முன்பு ஒரு சேவை வட்டம் முழுவதற்குமான சராசரியாகப் பார்த்தது. பேச்சுக்கு, ஒரே அளவு அழைப்பு வரும் 1000 டவர்களில் 20 டவர்கள் 40 சதவீத அழைப்புகளை அறுக்கின்றன, மற்றவை ஒரு சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சராசரி 1.78. நிறுவனம் தேர்ச்சி! அந்த இருபது டவர்களின் கீழே இருக்கும் மலைக்கிராமத்துக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட என்ன செய்வார்? இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2017-ல் டிராய் அளவுகோலை மாற்றியது. சராசரியை விட்டுவிட்டு, எத்தனை சதவீத செல்கள் எத்தனை சதவீத நாட்களில் வரம்புக்குள் இருந்தன என்று கேட்டது. 2024-ல் வந்த விதிமுறைகள், எந்தச் சேவை எங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றன.

நல்ல முன்னேற்றம். ஆனால் சிக்னல் எட்டுகிறது என்பது வேறு, இரவு எட்டு மணிக்கு அது உழைக்கிறது என்பது வேறு. டவர்வாரியாக, மணிவாரியாக இந்த விவரங்கள் நிறுவனங்களிடம் இருக்கின்றன. அவற்றையும் படமாகப் பொதுவில் வைக்கும்படி டிராய் உத்தரவிட வேண்டும். அதுவரை, புகார் கொடுக்கும்போது ‘நெட் வரலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அதோடு சேர்த்துப் புகார் கொடுங்கள்.