வல்விசை மோட்டார் சைக்கிளும் அதனைத் திருத்துதலும்

இக்காலத்து இளைஞர் உள்ளத்தைக் கவரும் பொருள்களுள் வல்விசை மோட்டார் சைக்கிள் ஒன்றாம் என்பதனை, நம் கல்லூரி வாயிலில் மாலை நான்கு மணிக்குச் சிறிது நேரம் நின்று நோக்குவார் எவரும் மறுக்கார். அவற்றுட் பல, கடையினின்று வெளிவந்த வடிவில் இல்லை. சிலவற்றின் சைலன்ஸர் மாறியிருக்கும்; சிலவற்றிற் கண்ணாடிகள் காணப்படா; சிலவற்றின் டயர் பெருத்திருக்கும். வண்டி வந்து ஒரு திங்கள் நிரம்புமுன்னரே இம்மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. மாற்றுதல் கூடாது என்பது என் கருத்தன்று. ஒரு பொருளோடு பழகி, அதன் இயல்பை உணர்ந்த பின்னரே அதனைத் திருத்த முற்படுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொதுவாகக் கூறுவதினும் ஒரு வண்டியைச் சான்றாகக் கொண்டு கூறுதல் தெளிவு தரும். ராயல் என்பீல்டு நிறுவனத்தார் 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இந்தியாவில் விற்பனைக்கு வெளியிட்ட இன்டர்செப்டர் 650 என்பதனை ஈண்டு எடுத்துக்கொள்வோம். நெடுங்காலமாகச் சென்னையில் வண்டி செய்துவரும் அந்நிறுவனத்தின் இவ்வண்டியும் நம் நாட்டிற் பிறந்ததேயாம். இதன் இயந்திரம் இரண்டு சிலிண்டர்களும் 648 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. 47 குதிரைத்திறன் தரவல்லது. நம் ஊர்களில் நன்கு அறியப்பட்ட 350 புல்லட் தருவது ஏறத்தாழ 20 குதிரைத்திறனே. எனவே புல்லட்டில் பழகிய கை, இதன் ஆக்ஸிலரேட்டரை அதே அளவு திருகுமாயின், இரு மடங்கிற்கு மேற்பட்ட வலிமையை எழுப்பிவிடும். வண்டியின் எடையோ எரிபொருளின்றியே 200 கிலோவுக்கு மேற்பட்டது. இவ்வளவு பாரமும் இவ்வளவு வலிமையும் ஒருங்கே ஒருவன் கையில் வந்து சேருகின்றன.

விரைவு மிகுதலால் விளைவது யாது என்பதனைக் கணக்கினாற் காண்போம். ஓடும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. வேகம் இருமடங்காயின் ஆற்றல் நான்மடங்காகும். அதனை அடக்க வேண்டிய தொலைவும் நான்மடங்காகும். நன்கு உலர்ந்த சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி பிரேக்குப் பிடித்தபின் ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்குமாயின், 100 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும்போது ஏறத்தாழ 55 மீட்டர் ஓடியே நிற்கும். கண் கண்டதனைக் கை செய்வதற்கு ஒரு வினாடி ஆகுமெனக் கொண்டால், அவ்வினாடியில் முன்னது 14 மீட்டரும் பின்னது 28 மீட்டரும் கடந்துவிடும். ஆகவே முன்னது நிற்க 28 மீட்டரும், பின்னது நிற்க 83 மீட்டரும் வேண்டும். சாலையின் குறுக்கே ஓர் ஆடு வந்து நிற்குமாயின், அது பிழைப்பதும் பிழையாததும், ஓட்டுபவன் பிழைப்பதும் பிழையாததும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

இனி, புதிய வண்டியோடு வாழும் முறையைச் சிறிது கூறுவேன். புதிய இயந்திரத்தில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரின் உட்சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்து படிந்து பொருந்துதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் வேண்டும். அக்காலத்தில் இயந்திரத்தை வருத்தாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும் இருத்தல் நன்று. அப்பொழுது தேய்ந்துதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் எண்ணெயிற் கலத்தலின், முதல் எண்ணெய் மாற்றத்தை ஒத்திவைத்தல் ஆகாது. புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாயிருத்தலின், தொடக்கத்தில் வளைவுகளில் மிகச் சாய்தலும் தீது. செயினை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுதலும், டயரின் காற்றழுத்தத்தை அது குளிர்ந்திருக்கும் காலையில் அளத்தலும் பழக்கமாதல் வேண்டும்.

கருவியினும் கையைப் பழக்குதல் அரிது. பிரேக்குப் பிடிக்கும்பொழுது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேற் சாய்கின்றது. ஆதலின் நிறுத்தும் வேலையிற் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்கே. அதனை ஒரேயடியாக இறுக்காமல், பாரம் முன்னே வந்து அமர அமர அழுத்தத்தைக் கூட்டுதல் வேண்டும். ஏ.பி.எஸ். என்னும் கருவி சக்கரம் பூட்டிக்கொள்ளாதவாறு காக்கும். ஆயினும் மணலும் எண்ணெயும் சிந்திய சாலையில் இல்லாத பிடிப்பை அது படைத்துத் தரமாட்டாது. ஆளில்லாத திடலில் இதனைப் பலமுறை செய்து பழகியவனே இவ்வண்டிக்கு உரியவன் ஆவான்.

இனி மாற்றங்களுக்கு வருவோம். தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இவ்விடத்தில் வெண்பா நினைவுக்கு வருகின்றது. வெண்பாவில் ஒரு சீரை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்போமாயின், அதற்கு முன் நின்ற சீரோடும் பின் நின்ற சீரோடும் தளை கெடக்கூடும். புதுச்சீர் தன்னளவில் அழகியதே. ஆயினும் செய்யுள் வெண்பாவாக நில்லாது. இயந்திரத்தின் இயல்பும் இத்தகையதே.

சைலன்ஸரை எடுத்துக்கொள்வோம். இவ்வண்டியில் எரிபொருளைத் தெளிக்கும் அளவை ஒரு சிறு கணிப்பொறி வகுக்கின்றது. எவ்வளவு காற்று உட்புகும், எவ்வளவு புகை வெளிப்போகும் என்பதனை முன்னரே ஆராய்ந்து அமைத்த அட்டவணை அதனுள் உளது. புகை செல்லும் வழியை நாம் திறந்துவிட்டு, அட்டவணையை அவ்வாறே விட்டுவிட்டால், காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள பொருத்தம் குலையலாம். எரிபொருள் குறைந்த கலவை எரியுங்கால் இயந்திரம் மிகுதியும் சூடேறும். புகைக்குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றுவோர், நச்சுப்புகையை மாற்றும் கிரியா ஊக்கியையும் சேர்த்தே இழக்க நேரும். ஓசை பெருகியதனால் வலிமை பெருகியதாகச் செவி நம்புகின்றது, சாலை நம்புவதில்லை. இவ்வண்டியின் தனித்த தாளம், அதன் இரு பிஸ்டன்களும் சுழல்தண்டில் 270 பாகை இடைவெளியில் இயங்குதலால் எழுவது. அஃது இயந்திரத்தின் உள்ளமைப்பிற் பிறந்த இசை. குழாயை வெட்டிப் பெறுவதன்று.

செயின் சுற்றும் பற்சக்கரத்தை மாற்றுவாரும் உளர். முன்னுள்ள சக்கரத்தில் 15 பற்களுக்கு ஈடாக 16 பற்கள் அமைந்தால், அதே வேகத்திற்கு இயந்திரம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைவாகச் சுழலும். நெடுஞ்சாலையில் அஃது அமைதி தரும். ஆனால் மேட்டில் ஏறும் இழுப்பு அவ்வளவிற் குறையும். ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறுகின்றோம். பெரிய டயர் பூட்டினால் வேகங்காட்டி பொய் கூறும். முன் பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுப் பணிபுரியும் ஏ.பி.எஸ். கருவியின் கணக்கும் பிறழக்கூடும்.

அங்ஙனமாயின் நல்ல மாற்றம் இல்லையோ எனின், உண்டு. என் அத்தான் ஒருவர் இவ்வண்டியை வாங்கி ஓராண்டுவரை ஒன்றனையும் மாற்றாது ஓட்டினார். எங்கே உடல் வருந்துகின்றது, எங்கே வண்டி தடுமாறுகின்றது என்பனவற்றை ஒரு சிறு நோட்டிற் குறித்துவந்தார். இருநூறு கிலோமீட்டர் கடந்தபின் இடுப்பு வலித்தது; இருக்கையின் பஞ்சை மாற்றினார். அக்காளை ஏற்றிச் செல்லும்போது பின்புறம் தாழ்ந்து குலுங்கிற்று; பின் ஷாக் அப்ஸார்பரின் சுருள்வில்லை இரண்டு படி இறுக்கினார். அதற்குச் செலவே இல்லை. பிரேக்கு நெம்புகோலைத் தம் விரல்கள் எளிதில் எட்டுமாறு திருப்பி வைத்தார். இவை மூன்றும் விளம்பரம் சொல்லிச் செய்தன அல்ல. தேவை சொல்லிச் செய்தன.

சட்டமும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் முதலிற் குறித்த விவரங்களினின்றும் பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், முறையற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு திங்கள்வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. இஃது இளைஞர் இன்பத்தின்மேற் பொறாமை கொண்டு இயற்றியதன்று. நள்ளிரவில் வெடித்து முழங்கும் குழாயோசைக்கு விழித்தெழும் நோயாளியும் கைக்குழந்தையும் சாலையிற் பங்குடையவரே.

இவ்வளவும் எதற்காக என வினவலாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவருள் 74,897 பேர் இருசக்கர வண்டியிற் சென்றவர். தலைக்கவசம் அணியாது இறந்தோர் 50,000க்கு மேற்பட்டவர். இவ்வெண்களுள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பெயராகும். அவ்வீடுகளுட் பலவற்றில், கல்லூரியினின்று மகன் வரும் வண்டியோசைக்குச் செவி சாய்த்துக் காத்திருந்த தாய் ஒருத்தி இருந்திருப்பாள்.

ஆகவே, நண்பர்காள், புதிய வண்டி வாங்குவீராயின் மகிழ்ந்து ஓட்டுமின். அதன் தாளத்தைக் கேண்மின். அதன் குணங்களை நோட்டிற் குறிமின். கையிற் பணம் மிகுமாயின் முதலில் நல்ல தலைக்கவசமும், அடுத்துக் கையுறையும், அதன்பின் நல்ல டயரும் வாங்குமின். இயந்திரத்தின் வலிமையைக் கூட்டுதற்கு முன்னர் அதனை நிறுத்தும் வலிமையை உம் கையிற் கூட்டிக்கொண்மின். அவ்வாறு செய்வீராயின், எதனை மாற்ற வேண்டும், எதனை மாற்றாது விடவேண்டும் என்பதனை ஓராண்டில் அவ்வண்டியே உமக்கு உரைக்கும்.