கம்பியில்லாக் காலம் – 17
மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மோட்டார் வரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தரைத்தளமும் மூன்று மாடியுமாக நிற்கும் ஃப்ளாட்டுகளில் காலை வேளையில் அடிக்கடி கேட்கும் குரல் இது: "அண்ணே, டேங்க் வழியுது, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க!" வாட்ச்மேன் ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் பல குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போயிருக்கும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக் காத்திருப்பதும் இதே குடியிருப்புகள்தான்.

சென்ற வாரம் வைஃபை பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் 'மெஷ்' வலையமைப்பு. அதைப் புரிந்துகொள்ள அந்தத் தண்ணீர்த் தொட்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

தொட்டி நிரம்பிவிட்டது என்ற ஒரே ஒரு செய்தி மொட்டைமாடியிலிருந்து கீழே மோட்டார் பெட்டிக்குப் போக வேண்டும். ஒயர் இழுத்தால் வெயிலிலும் மழையிலும் சில வருடங்களில் பழுதாகிவிடும். வைஃபை சென்சார் வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். அதோடு யாராவது ஒரு வீட்டு ரூட்டரை நம்பியிருக்க வேண்டும். சிம் கார்டு போட்டால் மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும்.

மெஷ் முறையில் தொட்டி சென்சார் மெல்லிய குரலில் பேசினால் போதும். மூன்றாவது மாடிப் படிக்கட்டு விளக்கின் போர்டில் இருக்கும் சிறு கருவி அதைக் கேட்டு இரண்டாவது மாடிக்கு அனுப்பும். அங்கிருந்து முதல் மாடி, அங்கிருந்து மோட்டார் பெட்டி. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மேலே ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். இடையில் ஒரு கருவி பழுதானால் செய்தி வேறு கருவி வழியாகப் போகும். கம்பி கட்டிய நான்கு காங்கிரீட் தளங்களை ஒரே மூச்சில் துளைக்க வேண்டிய அவசியம் இல்லை. படிக்கட்டு இடைவெளி வழியாகவே அலை இறங்கிவிடும்.

இதற்கான அடிப்படைத் தரம் ஐ ட்ரிபிள் ஈ 802.15.4. முதலில் வெளியானது 2003இல். அதன்மேல் கட்டிய ஜிக்பீ 2004இல் வந்தது. நொடிக்கு 250 கிலோபிட் வேகம், ஒரு பொட்டலத்துக்கு அதிகபட்சம் 127 பைட். வீடியோவுக்கு உதவாது, 'தொட்டி நிரம்பியது' என்று சொல்லத் தாராளம்.

மின்செலவுக் கணக்கைப் பாருங்கள். கடிகாரக் கடையில் கிடைக்கும் வட்டமான சி.ஆர்.2032 பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. உறங்கும் நிலையில் ஒரு சென்சார் 2 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொண்டால் வருடம் முழுவதும் சேர்த்து 17.5 மில்லி ஆம்பியர் மணிதான் ஆகும். மிச்சம் எல்லாம் அவ்வப்போது விழித்துப் பேசுவதற்கு.

இங்கேதான் விற்பனைக் கடையில் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. உறங்கும் கருவி பிறர் செய்தியைக் கடத்தாது. பேட்டரியில் ஓடும் சென்சார்கள் பேசிவிட்டுத் தூங்கிவிடும். இடைநின்று செய்தியைக் கடத்துபவை எப்போதும் மின்சாரத்தோடு இணைந்திருக்கும் கருவிகள் மட்டுமே. அவை விழித்திருக்கும்வரைதான் மெஷ் உயிரோடு இருக்கும்.

இந்தத் தொழில்நுட்பத்தை வடிவமைத்த நாடுகளில் மின்வெட்டு அபூர்வம். நம் புறநகர்களில் மழை இரண்டு தூறல் போட்டாலே கரண்ட் போகிறது. அந்தக் கணத்தில் கடத்தும் கருவிகள் எல்லாம் ஒன்றாக அணைந்தால் வலை சிதறிவிடும். கரண்ட் திரும்பியதும் அது தானாகவே கூடும் என்பது உண்மை. ஆனால் தூங்கும் சென்சார்கள் தங்களுக்கான புதுத் துணையைத் தேடிப் பிடிக்க நேரமாகும்.

இன்னொன்று நம் பழக்கம். அறையை விட்டு வெளியே போகும்போது சுவிட்சை அணைக்கச் சொல்லி நம்மை வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல பழக்கம். அதை மாற்றச் சொல்லக் கூடாது. ஆனால் ஸ்மார்ட் பல்புதான் செய்தி கடத்தும் கருவி என்றால், சுவிட்சை அணைத்ததும் வலையில் ஓட்டை விழும்.

இரண்டுக்கும் தீர்வு நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. நம் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுமே போர்டுக்குள் வந்திருக்கும். அமெரிக்காவின் பல பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வருவதில்லை. நியூட்ரல் இல்லாமல் இயங்கும் மாட்யூல்கள் பெரும்பாலும் செய்தியைக் கடத்துவதும் இல்லை. எனவே இங்கே செய்ய வேண்டியது: ஸ்மார்ட் பல்பை விட்டுவிட்டு, போர்டுக்குப் பின்னால் ரிலே மாட்யூலை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். அதையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். சுவிட்சை அணைத்தாலும் மாட்யூல் விழித்திருக்கும். கரண்ட் போனாலும் விழித்திருக்கும். வலையை நிர்வகிக்கும் 'ஹப்' பெட்டியும் அதே லைனில் இருக்க வேண்டும்.

மோட்டாருக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி. செய்தி வராவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும். 'நிரம்பியது' என்ற தகவலுக்காகக் காத்திருந்து ஓடும் மோட்டார், வலை அறுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். 'இன்னும் இடம் இருக்கிறது' என்ற தகவல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்தால் மட்டும் ஓடும்படி அமைப்பதே பாதுகாப்பு.

அடுத்து, நெரிசல். ஜிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுக்கு ஒரு ரூட்டர் உள்ள ஃப்ளாட்டில் ஜிக்பீயை 25 அல்லது 26ஆம் சேனலுக்கு மாற்றினால், வைஃபையின் 11ஆம் சேனலுக்கும் மேலே ஒதுங்கிவிடலாம். தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். எனவே சென்சாரின் ஆன்டெனாவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே நிரம்பிய தொட்டி குறுக்கிடக் கூடாது.

இந்திய அரசு 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸோடு 865–867 மெகாஹெர்ட்ஸ் பகுதியையும் உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. இந்தத் தாழ்ந்த அலை சுவர்களை எளிதாகக் கடக்கும். இசட்-வேவ் என்ற இன்னொரு மெஷ் முறையின் கருவிகள் இந்தியாவில் இயங்குவது 865.2 மெகாஹெர்ட்ஸில். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அங்கு வாங்கிய இசட்-வேவ் கருவிகளைக் கொண்டுவருவதுண்டு. அவை 908 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. இங்கே அது செல்போன்கள் டவரோடு பேசும் பகுதி. அவற்றை இங்கே பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு.

வீட்டைத் தாண்டியும் இதற்கு வேலை இருக்கிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும் பிரஸ் ஷாப்புகளிலும் ஓடும் மோட்டார்களின் சூட்டையும் அதிர்வையும் கவனிக்க மெஷ் ஏற்றது. தகரக் கூரையும் இரும்பு இயந்திரங்களும் அலையை எதிரொலித்துக் குழப்பும் என்பதால், 2007இல் வந்த வயர்லெஸ் ஹார்ட் தரம் நேரத்தை 10 மில்லிநொடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் சேனலை மாற்றிப் பேசுகிறது.

மின்மீட்டரிலும் மெஷ் முறை உண்டு. புதுச்சேரியில் மின்துறையோடு சேர்ந்து பவர்கிரிட் நிறுவனம் 2012இல் தொடங்கிய ஸ்மார்ட் கிரிட் முன்னோட்டத்தில் மின்கம்பி, ரேடியோ, செல்போன் எனப் பல வழிகளில் மீட்டர் தகவலை எடுத்துப் பார்த்தார்கள். 2021இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் இலக்கு 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள். நம் ஃப்ளாட்டுகளில் ஈ.பி. மீட்டர்கள் பெரும்பாலும் படிக்கட்டுக்கு அடியில், செல்போன் சிக்னல் தடுமாறும் மூலையில் இருக்கின்றன. அங்கே மீட்டர்கள் ஒன்றுக்கொன்று தகவலைக் கடத்துவது பெரிய உதவி.

ஆபத்தும் இதே இயல்பிலிருந்துதான் வருகிறது. 2016இல் ஆய்வாளர்கள் ஒரு கட்டடத்துக்கு வெளியே ட்ரோனைப் பறக்கவிட்டு, உள்ளே இருந்த பிலிப்ஸ் ஹியூ பல்புகளைக் கைப்பற்றிக் காட்டினார்கள். ஒரு பல்பிலிருந்து பக்கத்துப் பல்புக்கு வைரஸ் பரவ முடியும் என்பதையும் நிறுவினார்கள். நிறுவனம் அந்தக் குறையைச் சரிசெய்தது. அப்டேட் தராத நிறுவனத்தின் மலிவான கருவியை வாங்கினால் இப்படிப்பட்ட ஓட்டை அடைபடாமலே இருக்கும்.

2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம், வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றாக வேலை செய்யவைக்கிறது. த்ரெட் என்ற மெஷ் அதற்கு அடியில் ஓடும் வழிகளில் ஒன்று. புதிதாக வாங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஃப்ளாட் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டோமேஷன் கொட்டேஷனோடு யார் வந்தாலும் விலையைப் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இது ஓடுமா? கரண்ட் போனால் இடையில் உள்ள கருவிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? செய்தி வராவிட்டால் மோட்டார் நிற்குமா, ஓடுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)