பூனைக்காலி விதையும் மூளையின் டோபமைனும்

காயைத் தொடாதீர்கள். மேலிருக்கும் செம்பழுப்புச் சுணை பட்டால் பொறுக்க முடியாமல் அரிக்கும்.

பூனைக்காலி வெறும் அரிப்புக்கொடி அல்ல, சித்த மருந்தும்கூட. இதன் விதையில் லெவோடோபா இருப்பதை, 1937இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகச் சேப்பாக்கம் ஆய்வுக்கூடத்தின் எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும். இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய வேலை இது. அந்தப் பொருள் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது 1960களில்தான்.

இந்த நோயில் மூளையின் டோபமைன் குறைகிறது. ஆனால் இரத்தத்தில் இருக்கும் டோபமைன் மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும்.

உயிருள்ள மூளை அதை எவ்வளவு வேகமாக உள்வாங்குகிறது என்று அளக்க, லெவோடோபா மூலக்கூறில் கதிர்வீசும் ஃபுளோரின்-18 அணுவைச் சேர்த்து, ஊசிவழி செலுத்தி, அந்தக் கதிர்வீச்சைப் படமாக்கும் பெட் (PET) ஸ்கேனரில் பார்க்கிறார்கள். சுமார் 110 நிமிடத்தில் அந்த அணுக்களில் பாதி சிதைந்துவிடும். அதனால் எல்லாமே அவசரம். 1983இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்னெட் குழுவினர் மனித மூளையில் இதைப் படமெடுத்துக் காட்டினார்கள்.

நலமான மூளையின் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்புள்ளிகள் ஒளிர்வது தெரியும். பார்க்கின்சனில் முதலில் மங்குவது அவற்றின் வால். வலக்கை நடுங்கினால் பெரும்பாலும் இடப்பக்க வாலே அதிகம் மங்கியிருக்கும்.

பூனைக்காலியில் விதைக்கு விதை லெவோடோபா அளவு மாறும். மருத்துவரைக் கேட்காமல் உண்ணாதீர்கள்.